14ஆம் நம்பர் லயம்

"தம்பி, பலகைமேல வெளிச்சத்த அடிச்சு இதான் கைலாசம்னு காட்டுறீங்க. சுவிட்ச அமத்துனா வெறும் பலகைதான். ஆத்தா சந்நிதிக்கு நேரா நின்னு பொய்யக் காட்டலாமா?"

ஒத்திகையின்போது கோயில் நிர்வாகக் குழுவின் மூத்தவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பெடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று பழகிய உடம்பு, எழுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்துதான் நிற்கிறது. நான் ஏணியின் மேல்படியில் நின்று ப்ரொஜெக்டரைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். "பாத்துச் செய்யறோங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். அப்போது என்னிடம் பதில் இல்லை.

நான் சுங்கை பட்டாணியில் வயரிங் வேலை செய்கிறவன். கெடா மாநிலத்தின் தென்பகுதியில் கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பெடோங் என்று முப்பது வருடமாகக் கோயில் திருவிழா நாடகங்களுக்கு விளக்குப் போட்டு வருகிறேன். பெட்ரோமாக்ஸ் என் அப்பா காலம். கலர்த்தாள் ஒட்டிய பல்பு என் காலம். ப்ரொஜெக்டர் என் தங்கை மகளின் காலம். அவள் மல்டிமீடியா படித்தவள். வியாழக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்புக்கு ஏழு வருடமாகப் போய் வருகிறேன். வகுப்பில் எழுதிய குறிப்பேடும் டெஸ்டர் பேனாவும் ஒரே பையில்தான் கிடக்கும். அந்தப் பெரியவரின் கேள்விக்கு இரண்டும் சேர்ந்துதான் பதில் தேடின.

நாடகம் நகைச்சுவை நாடகம். ஒரு பாட்டியின் ஆயுள் முடிந்துவிடுகிறது. சித்திரகுப்தன் ஏட்டில் அவள் விலாசம், தோட்டத்தில் இரண்டாம் டிவிஷன், 14ஆம் நம்பர் லயம். தூதர்கள் பாசக்கயிற்றோடு இறங்குகிறார்கள். தோட்டத்தைக் காணவில்லை. கித்தா என்ற ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையைச் சாய்த்துத் தாமான் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள், லயம் என்ற தொழிலாளர் வரிசைவீடு நின்ற இடம் பேரங்காடியின் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. வெறுங்கையோடு திரும்பிய தூதர்களைக் கடிந்துகொண்டு எமனே எருமையேறி வருகிறான். எருமையைக் கட்டிய இடத்துக்கு அபராதச் சீட்டு. ஏட்டைத் திருத்தச் சித்திரகுப்தன் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் கையெழுத்துக் கேட்கிறான்; கிராணியோ முப்பது வருடத்துக்கு முன்பே இதே எமனால் அழைத்துப் போகப்பட்டவர். கடைசியில் வழக்கு கைலாசத்துக்குப் போகிறது. பாட்டி மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருக்கிறாள். "வரமாட்டேன்னு சொல்லல சாமி. என் லயத்து வாசல்லேருந்து கூட்டிட்டுப் போங்க" என்கிறாள். இறைவன் அதற்கு இசைகிறார். இடிந்துபோன லயம் மேடையில் எழும்புகிறது.

இத்தனை இடங்களுக்கும் எங்களிடம் இருந்தது ஒரே அரங்கம். நடுவில் கதவு வைத்த பலகைச் சுவர், இருபுறமும் சற்றே சாய்த்து நிறுத்திய இரண்டு பலகைகள், முன்னால் ஒரு படிக்கட்டு. எல்லாவற்றுக்கும் வெளிர்சாம்பல் வண்ணம். வெள்ளை அடித்தால் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், படத்தின் இருண்ட பகுதிகளும் வெளிறிப்போகும். சாம்பல் வண்ணம் இருளைக் கொஞ்சம் இருளாகவே வைத்திருக்கும்.

நகைச்சுவைக்கு, பலகைமேல் படத்தை வீசும் இந்த முறை ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையைப் போட்டு, தட்டிகளைத் தூக்கி, வேறு தட்டிகளை நிறுத்தி, மறுபடி திரையைத் தூக்க மூன்று நிமிடமாவது பிடிக்கும். சோக நாடகம் அதைத் தாங்கும். ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொள்ள நேரம் கிடைத்ததென்று இருப்பார்கள். சிரிப்பு தாங்காது, ஆறிவிடும். பார்சி நாடகக் கம்பெனிகள் இந்தக் கடற்கரைக்கு வந்து, அவற்றைப் பார்த்துப் பினாங்கில் 1880களில் பங்சாவான் என்ற மலாய் நாடகம் பிறந்தபோது, அரண்மனை, தெரு, தோட்டம், காடு என்று எழுதிய சீன் படுதாக்களைச் சுருட்டி இறக்கினார்கள். தமிழ்நாட்டில் நவாப் ராஜமாணிக்கமும் பிற்பாடு ஆர்.எஸ். மனோகரும் பிரம்மாண்டமான அரங்கங்களால் ஜனங்களை மலைக்க வைத்தார்கள். எல்லாரும் இடம் மாறும் வேகத்துக்காகத்தான் உழைத்தார்கள். இப்போது இமைத்துத் திறப்பதற்குள் லயம் பேரங்காடியாகிறது, பேரங்காடி எமலோகத்து அலுவலகமாகிறது. 1924இல் வெளிவந்த 'ஷெர்லாக் ஜூனியர்' என்ற ஊமைப்படத்தில் பஸ்டர் கீட்டன் இதை எப்போதோ செய்துவிட்டார். படம் ஓட்டுகிறவன் தூங்கிப்போய்க் கனவில் திரைக்குள் நுழைகிறான். அவன் இருந்த இடத்திலேயே இருக்க, சுற்றியிருக்கும் உலகம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. தோட்டத்து பெஞ்சில் உட்காரப் போகிறான். அதற்குள் அது தெருவாகிவிட, விழுகிறான். என் தங்கை மகள் அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். நான் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாங்கள் வாழ்ந்த தோட்டம் கைமாறியபோது எங்களுக்கு நடந்ததும் அதுதான். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம், சுற்றியிருந்த இடம் மாறிவிட்டது.

லயத்தின் படம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. லயத்தை யார் படமெடுத்து வைத்தார்கள்? கடைசியில் ஓர் உறவுக்காரர் வீட்டில் எழுபதுகளில் எடுத்த கல்யாணப் படம் ஒன்று கிடைத்தது. கறுப்பு வெள்ளை. மணமக்களுக்கும் உறவினர்களுக்கும் பின்னால் லயத்தின் சுவர், தகரக் கூரை, வாசற்படி. என் தங்கை மகள் அந்த மனிதர்களை ஒவ்வொருவராகப் படத்திலிருந்து எடுத்து, அவர்கள் மறைத்திருந்த சுவரைப் பக்கத்துச் சுவரைக் கொண்டு நிரப்பி, சுண்ணாம்பு வெள்ளையும் அடிச்சுவரின் தார்க்கறுப்பும் ஏற்றினாள். "மாமா, கதவு நம்பர் என்ன கலர்?" என்று கேட்டாள். கறுப்பு வட்டத்தில் வெள்ளை எழுத்து என்றேன். அதைச் சொல்லும்போது தொண்டை அடைத்தது.

அப்புறம் இரண்டு இரவு வேலை. ப்ரொஜெக்டர் வீசும் படம் நீள்சதுரமானது, பலகைகள் சாய்ந்தவை. கணினியில் படத்தின் மூலைகளை இழுத்து இழுத்து, படத்துக் கதவு பலகைக் கதவின்மேல் மயிரிழை பிசகாமல் உட்காரும்வரை பொருத்த வேண்டும். பொருந்தியபின் யாராவது பலகையில் சாய்ந்து அரை அங்குலம் நகர்த்திவிட்டால் வீடே கதவைவிட்டு விலகி நிற்கும். இருபது பேரை அதட்டிக்கொண்டு கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தோம்.

நாடகத்தன்று, நாங்கள் ஒத்திகையில் தவறென்று விலக்கி வைத்திருந்த ஒன்று நடந்தது. முன்னாலிருந்து வெளிச்சம் வீசும்போது நடிகர் சுவரை ஒட்டிப் போகக்கூடாது. போனால் படம் அவர்மேல் விழும், அவர் நிழல் படத்தில் ஓட்டை போடும். நான்கடி தள்ளியே நடக்கச் சொல்லித் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தோம். எமனாக நடித்தவர் ஆர்வத்தில் டேப்பைத் தாண்டிவிட்டார். 14ஆம் நம்பரைத் தேடிக் கதவை நெருங்கி, சபையின் பக்கம் திரும்பி, ஏட்டைப் பிரித்தார். கறுப்பு வட்டமும் வெள்ளை எழுத்தும் அவருடைய தொந்தியின் நடுவில் போய் உட்கார்ந்தன. அவருக்கு அது தெரியவில்லை. இடப்பக்கம் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்கிறார், "பதினாலு எங்கடா?" என்று தூதர்களைக் கேட்கிறார். பதினான்கு அவர் வயிற்றில் ஏறி இறங்குகிறது. சபை வெடித்தது. குழந்தைகள் எழுந்து நின்று, "ஒங்க வயித்துல! ஒங்க வயித்துல!" என்று கத்தினார்கள். அவர் விலகினால் நம்பர் கதவுக்குத் திரும்பியிருக்கும். விலகவில்லை, தேடிக்கொண்டே அங்கேயே நின்றார்.

நான் ப்ரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உமாபதி சிவத்தின் திருவருட்பயன் நினைவுக்கு வந்தது. பதினான்காம் நூற்றாண்டு நூல், நூறே குறட்பா. இருள்மல நிலை என்ற அதிகாரத்தில் ஒரு கருத்து வருகிறது. புற இருட்டு எல்லாப் பொருளையும் மறைக்கும், ஆனால் தான் இருட்டென்று தன்னைக் காட்டிவிடும்; ஆணவ இருளோ பொருளையும் மறைக்கும், தன்னையும் காட்டாது. வகுப்பில் ஆசிரியர் இதை மூன்று வாரம் விளக்கினார். நான் தலையாட்டினேன், விளங்கவில்லை. தொந்தியில் நம்பரை ஏந்திக்கொண்டு நம்பரைத் தேடிய அந்த எமன் ஒரு நிமிடத்தில் விளக்கிவிட்டார். அவர் தேடியதை மறைத்தது அவருடைய உடம்பு. மறைக்கிறோம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. சபைக்குத் தெரிந்தது. மறைப்பு, மறைத்தவனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்துவிடும்போதுதான் சிரிப்பு வருகிறது என்று நினைக்கிறேன்.

சாமி முன்னால் சிரிக்கலாமா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சுந்தரர் இறைவனோடு தோழமை பூண்டு உரிமையோடு சண்டையே போட்டவர். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக நாகேஷ் மதுரைக் கோயிலுக்குள் நின்று புலம்புவதைக் கண்டு சிரிக்காத பக்தர் யார்? தோட்டத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படங்களில் அதுவும் ஒன்று. முன்பக்கம் இடம் கிடைக்காமல் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் இடவலம் மாறி, சிவனின் வலக்கை இடக்கையாகத் தெரிந்தது. சிரிப்பு மட்டும் மாறவில்லை.

பெரியவர் கேட்டது அதைவிட ஆழமானது. வெளிச்சத்தில் காட்டுவது பொய்யா?

சினிமாத் திரையை வைத்து இதைப் பேசியவர் ரமண மகரிஷி. திரையில் நெருப்பு எரிகிறது, திரை கருகுவதில்லை; வெள்ளம் புரள்கிறது, திரை நனைவதில்லை. வந்து போகும் படங்களுக்கு அடியில் மாறாமல் இருக்கும் திரைதான் ஆன்மா. படத்தை விட்டுத் திரையைப் பார் என்பது அவர் உபதேசம். திருவண்ணாமலையில் 1950 வரை வாழ்ந்த அந்த மகானின் முன்னால் நான் எம்மாத்திரம்? ஆனால் என் தொழில் எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. நான் திரையின் பக்கம் உட்கார்ந்தவனில்லை. விளக்கின் பக்கம் உட்கார்ந்தவன்.

நான் போடும் ப்ரொஜெக்டர் எல்.சி.டி. வகை. உள்ளே ஒரு விளக்கு. அதன் வெளிச்சம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிந்து, விரல்நகம்போன்ற மூன்று சின்னக் கண்ணாடித் தகடுகள் வழியே போய், மறுபடி ஒன்றுசேர்ந்து லென்ஸின் வழியே வெளியே வருகிறது. ஒவ்வொரு தகட்டிலும் லட்சக்கணக்கான நுண்ணிய கதவுகள். எந்தக் கதவு எவ்வளவு மூட வேண்டும் என்று கணினி சொல்கிறது. விளக்கு எப்போதும் ஒரே மாதிரிதான் எரிகிறது. லயத்தின் அடிச்சுவரில் தார்க்கறுப்பு தெரிகிறதே, அந்த இடத்தில் வெளிச்சம் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தை நிறுத்தி வைக்கத்தான் முடியும். கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் என்ன தெரியும்? வெறும் வெள்ளை. லயம் இல்லை, கைலாசம் இல்லை, கண்கூசும் வெள்ளைப் பலகைதான். மறைப்பதால்தான் படம் தெரிகிறது.

இது எனக்கு உறைத்தது நாடகம் முடிந்து நான்கு நாளைக்குப் பிறகு, வேறொரு வேலையில் ப்ரொஜெக்டரைத் திறந்து தூசு தட்டிக்கொண்டிருந்தபோது. கையில் தூரிகையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இறைவனுக்கு ஐந்தொழில் என்கிறது சைவம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்காவது தொழிலில் எனக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு மனத்தாங்கல் உண்டு. அருள் தருகிறவன் ஏன் மறைக்க வேண்டும்? தோட்டத்தில் பால் குடிக்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, அது அழாமலிருக்க மரத்தின் மறைவில் நின்று பார்த்துப்போகும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதோ என்று சமாதானம் செய்துகொள்வேன். உண்மை விளக்கம் என்ற நூலில் மனவாசகங் கடந்தார் நடராசர் திருமேனியை ஐந்தொழிலாக வகுக்கிறார். உடுக்கை ஏந்திய கை படைத்தல், அமைந்த கை காத்தல், தீ ஏந்திய கை அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல். ஊன்றிய காலில்தான் ஆட்டம் முழுவதும் நிற்கிறது. அந்தக் கால் மறைத்தல்.

சித்தாந்தத்தில் இந்த மறைப்பாற்றலுக்குத் திரோதான சக்தி என்று பெயர். மலத்தோடு சேர்ந்து வேலை செய்வதால் அதையும் மலம் என்று ஒப்புக்குச் சொல்வார்கள். உண்மையில் அது அருளே. ஒரே சக்தி, உயிர் பக்குவப்படும்வரை மறைப்பாக நிற்கிறது, பக்குவப்பட்டபின் அருளாக விளங்குகிறது. விளக்கு ஒன்றுதான், கதவு மூடினால் நிழல், திறந்தால் ஒளி.

மாயையைப் பற்றியும் உமாபதி சிவம் சொல்வது என் தொழிலுக்கு மிக நெருக்கமானது. கயிற்றில் பாம்பைக் காண்பதுபோன்ற பொய்த் தோற்றம் என்று அவர் அதைத் தள்ளவில்லை. பொழுது விடியும்வரை வீட்டில் ஏற்றி வைக்கும் விளக்கைப்போல என்கிறார். விளக்கு சூரியன் ஆகாது. ஆனால் விளக்கைப் பொய் என்று யார் சொல்வார்கள்? இரவில் வழி காட்ட அதுதான் இருக்கிறது. விடிந்ததும் அதற்கு வேலையில்லை. பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கும் அப்படித்தான். இருட்டில் மரத்தின் பட்டையும் உளி போக வேண்டிய கோடும் அந்த வட்ட வெளிச்சத்தில் தெரியும். விடிந்ததும் ஊதியணைத்துவிட்டு அதே மரத்தைப் பார்ப்பார்கள். இரவில் தெரிந்ததும் மரம்தான்.

பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. பலகைமேல் காட்டுவது பொய்யில்லை ஐயா, விடியும்வரைக்கான விளக்கு.

எனக்கு இன்னும் நெருடும் இடம் ஒன்று உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. உள்ளது அழிவதில்லை, காரணத்துக்குள் ஒடுங்குகிறது என்பது சித்தாந்தத்தின் சற்காரிய வாதம். அழித்தல் என்பதையே ஒடுக்குதல் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அப்படியானால் எங்கள் லயம் எங்கே ஒடுங்கியிருக்கிறது? கார் நிறுத்துமிடத்தின் தாருக்கு அடியிலா? ஆசிரியரைக் கேட்டேன். பானை உடைந்தால் மண்ணாகும், மண் இருக்கிறது என்றார். சரிதான். ஆனால் அந்தப் பானையில் தண்ணீர் குடித்தவனுக்கு மண் இருக்கிறதென்பது ஆறுதலாவதில்லை. இந்த இடத்தில் தத்துவம் என் துக்கத்தைத் தொடவில்லை என்றுதான் சொல்வேன். அதைத் தொட்டது ப்ரொஜெக்டர். கடைசிக் காட்சியில் லயம் எழும்பியபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லவில்லை. அவர்களில் பாதிப்பேர் தாங்களும் எழுந்திருந்தார்கள்.

பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப வா" என்று எமனை அழைத்தாள். சபையில் சிரிப்பும் அழுகையும் ஒரே சத்தமாகக் கேட்டது.

வெளிச்சத்தையும் மறைப்பையும் வைத்து இறைவன் முன்னால் கதை சொல்வது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. கேரளத்தில் பாலக்காட்டை ஒட்டிய பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து இன்றும் நடக்கிறது. கம்பராமாயணம்தான் கதை, மலையாள நாட்டில் தமிழ்ச் செய்யுள் ஒலிக்கிறது. நாற்பத்திரண்டு அடி நீளத்தில் கூத்துமாடம், திரைக்குப் பின்னால் வரிசையாக இருபத்தொரு விளக்கு, விளக்குக்கும் திரைக்கும் நடுவே தோல் பாவைகள். யாருக்காக? ராவணனோடு ராமன் போரிட்ட நேரத்தில் பத்ரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். ராமனின் போரைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குறை தீரத்தான் ஆண்டுதோறும் அவள் கோயிலில் நிழலாக நடத்திக் காட்டுகிறார்கள். எதிரே மனிதர் ஒருவர்கூட இல்லாத இரவுகளிலும் புலவர்கள் விடியவிடியப் பாடி விளக்குவார்கள். அம்மன் பார்க்கிறாள், போதும். தமிழ்நாட்டுத் தோல்பாவைக் கூத்திலோ ராமனுக்கும் ராவணனுக்கும் நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் புகுந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பார்கள். எங்கள் கெடாவிலேயே மலாய்க்காரர்களின் வாயாங் குலிட் கெடேக் இருக்கிறது. தென் தாய்லாந்து நிழற்கூத்தின் உறவு; கோமாளிகள் வந்தால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். எங்கும் ஒரே முறை, பின்னால் விளக்கு, நடுவில் ஒரு தடுப்பு, முன்னால் கதை.

பாவைக்கு ஒரு கூடுதல் நுட்பம் உண்டு. தோலில் உளியால் துளையிட்டு நகையும் கண்ணும் செய்கிறார்கள். தோல் வெளிச்சத்தைத் தடுக்கிறது, துளை விடுகிறது. ராமனின் கண் என்று நாம் பார்ப்பது, தோல் இல்லாத இடத்தில் தெரியும் விளக்கு.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். என் தங்கை மகள் கைலாசக் காட்சிக்குச் சிவபெருமானையே வெளிச்சத்தில் வரைந்து வைத்திருந்தாள். பனிமலைக்கு நடுவே கண் திறந்து மூடும் திருமுகம். மிக அழகாக இருந்தது. வேண்டாம் என்றேன்.

"ஏன் மாமா? லயத்தக் காட்டலாம், மலையக் காட்டலாம், சாமிய மட்டும் காட்டக்கூடாதா?"

அவளுக்குச் சொன்ன காரணம் இது. ஆகமம் தற்காலிகத் திருமேனிகளை ஏற்றுக்கொள்கிறது. பூசைக்கென்று மணலிலும் அரிசியிலும் பிடித்துவைத்து, பூசை முடிந்ததும் கலைத்துவிடும் சிவலிங்கத்துக்குக் க்ஷணிக லிங்கம் என்று பெயரே உண்டு. மஞ்சளில் பிள்ளையார் பிடிக்கிறோம், காரியம் முடிந்ததும் நீரில் கரைக்கிறோம். கணநேரம் இருப்பது குற்றமில்லை. ஆனால் மணலும் மஞ்சளும் நம் கையில் படுகின்றன. பிடிக்கும்போது கை வணங்குகிறது, கரைக்கும்போதும் வணங்குகிறது. கூத்தில் வேடம் கட்டுகிறவர் விரதமிருந்து, கிரீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகே தலையில் வைக்கிறார். சாமி வேடம் போட்டவருக்கு வியர்க்கும், தாகமெடுக்கும். வேடம் கலைந்ததும் சந்நிதிக்குப் போய் விழுந்து கும்பிடுவார். அந்த உடம்பு இறைவனைக் கொஞ்ச நேரம் சுமந்துவிட்டு இறக்கி வைக்கிறது. வெளிச்சத்தில் வரையும் முகத்தைச் சுமப்பவர் யார்? அது இடத்தைக் காட்டட்டும், காலத்தைக் காட்டட்டும். இறைவனை ஒரு மனிதர் சுமக்கட்டும்.

அவள் முழுதாக ஒப்பவில்லை. படத்தைச் செய்த தன் கையும் கைதானே என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனாலும் மலையை மட்டும் காட்டினோம். எங்கள் குழுவிலேயே ஒருவர் மூன்று நாள் கவுச்சி விலக்கி, சடை தரித்து அந்த மலையின் முன் உட்கார்ந்தார். அவர் முகத்தில் பனிமலையின் நீல வெளிச்சம் விழுந்திருந்தது.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அவளை மெர்போக்குக்கு அழைத்துப் போனேன். ஜெராய் மலையடியில், ஓடைக்குப் பக்கத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டி என்ற பழங்கோயில் இருக்கிறது. 1930களில் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தது. 1960 வாக்கில் அலஸ்டர் லாம்ப் கற்களை மறுபடி அடுக்கி நிறுத்தினார். சிவன் கோயில் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கருவறையின் கல் அடித்தளம் இருக்கிறது, முன்மண்டபத் தூண்கள் நின்ற கல் பீடங்கள் இருக்கின்றன. மரத் தூண்களும் கூரையும் மக்கிப்போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. உள்ளே திருமேனி இல்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே கூரையை வெளிச்சத்தில் எழுப்பிக் காட்டலாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "இங்க ஒண்ணும் போட வேணாம் மாமா" என்றாள்.

நாடகம் முடிந்த இரவில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கூட்டம் கலைந்த பிறகு பெரியவர் மேடையருகே வந்தார். "அமத்திடாதீங்க தம்பி. செத்த நேரம் இருக்கட்டும்" என்றார். படிக்கட்டில் ஏறிக் கதவை நோக்கி நடந்தார். அவர் நிழல் கதவை விழுங்கியது. நின்றார். பிறகு ஓரமாக நகர்ந்து சாய்பலகையின் பக்கம் போய் நின்றுகொண்டார். கதவும் நம்பரும் திரும்பத் தெரிந்தன. பத்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீடு 14 இல்லை, 22 என்று பிற்பாடுதான் சொன்னார்.

தாமான்களில் புதிதாகக் கோயில் எழுப்புகிறவர்களுக்கும் நாடகம் போடும் இளையவர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. மேடையைச் சந்நிதி பார்த்து அமையுங்கள்; தோட்டத்தில் நம் பெரியவர்கள் அப்படித்தான் அமைத்தார்கள், முதல் பார்வை அம்மனுடையது. நாடகத்தின் நடுவே தீபாராதனை மணி அடித்தால் மேடையின் வெளிச்சத்தை மறைத்துவிட்டுத் திரும்பிக் கும்பிடுங்கள். அதற்காக ப்ரொஜெக்டரை அணைக்க வேண்டாம். அணைத்தால் ஆறி மறுபடி ஏறச் சில நிமிடமாகும். லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்தால் போதும். உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.